காவிரியின் தலைமடையைப் பார்த்து வருவோம்

நம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் காவிரி நீரைக்கொண்டு நெல்லும் வாழையும் சாகுபடி செய்கிறவர்களில், தம் வயலுக்கு நீர் வரும் வாய்க்காலின் தலைப்பை ஒரு முறையேனும் நேரிற்சென்று பாராதவர் மிகச் சிலரே. மடையில் நீர் குறைந்தால், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே நடந்து சென்று, எங்கே செத்தை அடைத்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று கண்டறிந்து சரிசெய்து வருவது உழுகுடிகளின் நெடுநாள் வழக்கம். ஆயினும், நம் வாய்க்கால்களுக்கெல்லாம் தலைமடையாக விளங்கும் குடகு மலையை அவ்வாறு பார்த்து வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? குடகுக்குப் போகிறவர்கள் இப்பொழுது ஏராளம். விடுமுறை நாட்களில் வண்டி அமர்த்திக்கொண்டு சென்று, அருவியைப் பார்த்து, யானைகளைக் கண்டு, காப்பிப்பொடியும் மிளகும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால் காவிரிப் பாசனத்து விவசாயி ஒருவர் அம்மலைக்கு வெறும் வேடிக்கை பார்ப்பவராகப் போய்வருவது போதாது. தலைமடையைப் பார்க்கச் செல்லும் ஆயக்கட்டுதாரராகவே அவர் போய்வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

குடகு நாடு சுமார் 4,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. 1834ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் வசமாகிய இந்நாடு தனிச் சீமையாகவே நெடுங்காலம் ஆளப்பட்டு, 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி அக்கால மைசூர் ராஜ்யத்துடன் இணைந்தது. இன்று கர்நாடகத்தின் ஒரு ஜில்லாவாக இருக்கிறது. தலைநகர் மடிக்கேரி. அங்கே ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் திருச்சியிலோ ஆண்டுச் சராசரி 900 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அம்மலையில் பிரம்மகிரிச் சரிவிலுள்ள தலைக்காவேரி என்னுமிடத்தில் ஒரு சிறு குண்டத்தில் ஊறும் ஊற்றையே காவிரியின் பிறப்பிடமாகப் போற்றுகிறார்கள். அங்கிருந்து கடலை அடையும்வரை ஆறு சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. ஹாரங்கியும் லட்சுமண தீர்த்தமும் குடகிலேயே தோன்றி அதனுடன் கலக்கின்றன. ஹேமாவதியும் கபினியும் அண்டை மலைகளிலிருந்து வந்து சேர்கின்றன. 1932இல் முற்றுப்பெற்ற கிருஷ்ணராஜ சாகரத்திலும், 1934இல் முற்றுப்பெற்ற மேட்டூரிலும் தங்கி, முக்கொம்பில் காவிரியென்றும் கொள்ளிடமென்றும் பிரிந்து, ஸ்ரீரங்கத் தீவை அணைத்துக்கொண்டு செல்வது இந்த நீரே.

இந்தத் தொடர்பை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஐப்பசி மாதப் பிறப்பன்று தலைக்காவேரியில் துலா சங்கிரமணம் கொண்டாடப்படுகிறது. குறித்த வேளையில் குண்டத்து நீர் பொங்குவதைக் காணப் பல்லாயிரம் மக்கள் கூடுகின்றனர். அதே ஐப்பசியில் ஸ்ரீரங்கத்தில் அரங்கநாதர் திருமஞ்சனத்திற்குரிய தீர்த்தம், மற்ற மாதங்களிற்போலக் கொள்ளிடத்திலிருந்து வராமல், காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானைமீது கொண்டுவரப்படுகிறது. மாயவரத்திலும் அம்மாதம் முழுவதும் துலா ஸ்நானம் நடைபெறுகிறது. ஆற்றின் தலையிலும் இடையிலும் கடையிலும் ஒரே மாதத்தில் ஒரே நீரைப் போற்றும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள், ஆறு முழுவதையும் ஒன்றாகவே கருதினார்கள் என்பது தெளிவு. நாமோ நாளடைவில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பத்திரிகையிற் பார்ப்பதோடு நின்றுவிட்டோம். அதற்கு மேலே என்ன நடக்கிறதென்பதைப் பற்றி விசாரிப்பதேயில்லை.

குடகில் ஒரு விவசாயி கவனிக்கத்தக்கவை யாவை? முதலாவது, அங்குள்ள தோட்டத்தின் அமைப்பு. இந்தியாவின் மொத்தக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தச் சிறு ஜில்லாவில் விளைகிறது. காப்பிச் செடி வெட்டவெளியில் நிற்பதில்லை. மேலே ஈட்டி, பலா, அத்தி வகைகள் முதலிய உயர்ந்த மரங்கள், அவற்றின்கீழ் முள்முருங்கை, அதன்கீழ் காப்பி. அம்மரங்களின் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி ஏறுகிறது. ஈரமும் நிழலும் மிகுந்த பள்ளங்களில் ஏலம். இடையிடையே ஆரஞ்சு. ஆக, ஒரே நிலத்தில் நாலைந்து அடுக்காகப் பயிர்கள் நிற்கின்றன. ஒரு வருஷம் காப்பி விலை சரிந்தால் மிளகு தாங்கும். மிளகுக் கொடிக்கு வாடல் நோய் கண்டால் காப்பி தாங்கும். வாழை ஒன்றையே நம்பி, ஒரு சூறைக்காற்றில் வருஷ உழைப்பை இழக்கும் நம்மவர்கள் இதனைக் கருத்தூன்றிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, மலைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தாக்குகளில் அவர்கள் செய்யும் நெற்சாகுபடி. அறுவடைக்காலத்தில் அவர்கள் கொண்டாடும் பெருவிழாவுக்குப் புத்தரி என்று பெயர். புது அரிசி என்னும் பொருளுடைய இச்சொல்லை எந்தத் தமிழருக்கும் விளக்கவேண்டியதில்லை. அவ்வயல்கள் நெல் தருவதோடு, மழைக்காலத்தில் மேட்டிலிருந்து பாயும் நீரை வரப்புக்குள் நிறுத்தி நிலத்திற்குள் இறக்கும் சிறு ஏரிகளாகவும் பயன்படுகின்றன. மூன்றாவது, தேவரகாடு எனப்படும் கோயிற்காடுகள். நம் ஊர்களில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் ஒருவரும் அரிவாள் வைக்காத வழக்கம் இருந்ததுபோல, குடகில் 1,200க்கு மேற்பட்ட இத்தகைய காடுகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன.

காப்பித் தோட்டத்தில் நிழல்மரம் வைப்பது தர்மத்துக்காக ஏற்பட்டதன்று. 1850களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அங்கே பெருவாரியாகக் காப்பி பயிரிடத் தொடங்கியபொழுது, காட்டை அடியோடு வெட்டி எரித்து, வெயிலில் நட்டார்கள். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் தண்டைத் துளைக்கும் வண்டு பெருகிப் பல தோட்டங்கள் அழிந்தன. அதன்பின்னரே நிழலின் அருமையை உணர்ந்து மரங்களை நிறுத்திவைக்கத் தொடங்கினார்கள். அதாவது, நஷ்டப்பட்டுக் கற்ற விவசாய பாடம் அது. அப்பாடத்தின் பலன் தோட்டக்காரருக்கு மட்டுமின்றி நமக்கும் கிடைத்துவருகிறது.

அஃது எவ்வாறெனில், உயர்ந்த மரத்தின் இலைகளில் விழும் மழை வேகம் தணிந்து, காப்பிச் செடியின்மீது சொட்டி, பின்பு தரையிலுள்ள சருகின்மேல் விழுகிறது. சருகும் மக்கும் நிறைந்த மண் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வேர்கள் சென்ற வழியே நீர் ஆழத்திற்கு இறங்கி, கீழே ஊற்றாகச் சிறுகச் சிறுக வெளிப்படுகிறது. மரமும் தன் பங்குக்கு நீரைக் குடிக்கிறது. ஆகையால் மரம் வைத்தால் ஆற்றின் மொத்த நீர் பெருகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வாரத்தில் சேறும் கல்லுமாக ஓடிவிடக்கூடிய நீரைப் பல மாதங்களுக்குத் தெளிநீராகப் பகிர்ந்து அனுப்பும் வேலையையே மரமடர்ந்த மலை செய்கிறது. பாசனக்காரருக்கு வேண்டியது அதுதான். அன்றியும், மலையிலிருந்து மண் வந்தால் அது அணைகளில் தங்கும். அணையில் மண் தங்கினால் நீர் நிற்க இடமேது?

இப்பொழுது அந்த நிழல் குறைந்துவருகிறது என்பதே கவலைக்குரிய விஷயம். அராபிகா என்னும் காப்பிக்கு நிழல் மிகுதியாக வேண்டும். ரோபஸ்டா வகைக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. குடகில் ரோபஸ்டாவே இன்று மிகுதி. அதற்கு நல்ல விலை கிடைக்குங்காலத்தில் மரக்கிளைகளை அதிகமாகக் கழித்து வெயிலை உள்ளே விடும் ஆசை எழுவது இயல்பு. நாட்டு மரங்கள் விழுந்த இடத்தில் சில்வர் ஓக் மரத்தை நடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரம் விரைவில் நெட்டையாக வளர்கிறது. மிளகு ஏற்றுவதற்கு வசதியானது. வெட்டி விற்பதற்கும் சட்டத் தடை குறைவு. ஆனால் பலவகை நாட்டு மரங்கள் தரும் சருகையும் பழத்தையும் நிழலையும் அது ஒன்றே தரமாட்டாது. பள்ளத்தாக்கு வயல்களில் பல, கூலியாள் கிடையாமல் தரிசாகின்றன, சில கட்டடங்களாகின்றன. வருகிறவர்கள் தங்குவதற்கென்று சரிவுகளை வெட்டி விடுதிகள் எழுப்புகிறார்கள்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் குடகில் பெய்த பெருமழையில் மலைகள் பல இடங்களிற் சரிந்து, வீடுகளும் தோட்டங்களும் மண்ணுள் புதைந்தன, பலர் உயிரிழந்தனர். மழையின் கடுமையோடு, சரிவுகளை மனிதர் வெட்டித் திருத்தியதும் முக்கிய காரணமென்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் கண்டனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் தலைக்காவேரியிலேயே பிரம்மகிரி சரிந்து, கோயில் அர்ச்சகர் குடும்பத்தினர் மாண்டனர். 2018ஆம் ஆண்டின் அதே ஆகஸ்டில், 22ஆம் தேதி இரவு, நம் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. 1836ஆம் ஆண்டு தொடங்கி ஆர்தர் காட்டன் கட்டிய பழைய அணை அது; அதன் வீழ்ச்சிக்கு அதன் முதுமையும் பிற காரணங்களும் உண்டு. மலைச்சரிவே அதை உடைத்தது என்று கூறலாகாது. எனினும், ஒரே மழைக்காலம் ஆற்றின் தலையையும் நம் வாசலையும் ஒருங்கே தாக்கியதென்பது நினைவிலிருக்கவேண்டும். ஐந்தாண்டுகள் கழித்து, 2023இல், மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டும், மலையில் மழை பொய்த்ததால் அக்டோபரில் மூடவேண்டியதாயிற்று. குறுவை செய்தவர்கள் பட்ட பாடு இந்தப் பத்திரிகையைப் படிப்போர் அனைவரும் அறிந்ததே. இவ்வாறு வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வருங்காலத்தில், பெய்ததைப் பிடித்துவைக்கும் மலையின் அருமை முன்னிலும் அதிகமாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் வட்டாரத்து விவசாயிகளுடன் நான் அங்குச் சென்றிருந்தபொழுது, லால்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தோட்டக்காரரைப் பார்த்து, ‘ஐயா, இத்தனை மரங்களை வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, பாதியை வெட்டினால் காப்பி இன்னும் அதிகமாகக் காய்க்காதா?’ என்று கேட்டார். தமிழ்த் தொழிலாளருடன் பழகி நம் மொழியை நன்கு பேசும் அத்தோட்டக்காரர், ‘காய்க்கும், பெரியவரே. நாலு வருஷம் நன்றாகவே காய்க்கும். மரம் விற்ற பணமும் கைக்கு வரும். என் பாட்டனார் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. என் மகன் பெங்களூரில் உத்தியோகத்திலிருக்கிறான். அவன் காலத்தில் எப்படியோ’ என்றார். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, ‘வெட்டாமல் வைத்திருப்பதற்காக உங்களுக்கு யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா, ஐயா?’ என்று வினவினார். ‘ஒருவருமில்லை’ என்பதே விடை.

இவ்விடத்தில் குடிமராமத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். வாய்க்கால் நீரை யார் யார் எடுத்துக்கொள்கிறார்களோ, அவர்கள் எல்லோரும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பி வாய்க்காலைத் தூர்வாரவேண்டுமென்பது நம் பழைய ஏற்பாடு. ஆள் அனுப்பாதவனுக்கு ஊர்ப் பொதுவில் மதிப்பில்லை. 1858ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமொன்று அக்கடமையை ஏற்று வலியுறுத்தியது. வழக்கொழிந்து போயிருந்த அப்பெயரை 2017ஆம் ஆண்டில் தமிழக சர்க்கார் ஏரி, குளங்களைச் சீர்திருத்தும் திட்டத்திற்கு மறுபடியும் சூட்டினர். அந்த நியாயப்படி பார்த்தால், தலைமடையில் மரத்தைக் காத்து நீரை நிறுத்தி அனுப்பும் குடகு விவசாயி, தம் பங்குக் குடிமராமத்தை ஆண்டுதோறும் தனியே செய்துவருகிறார். ஆற்றின் இடையிலும் கடையிலும் இருக்கும் நாம் அதற்கு ஆளும் அனுப்பவில்லை, கூலியும் கொடுக்கவில்லை. நாம் செய்யக்கூடியது ஒன்றுமேயில்லையா?

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, ‘மிளகும் காப்பியும் நம் நிலத்தில் வரப்போவதில்லை, அவற்றைப் பார்த்து நமக்கு என்ன பிரயோஜனம்?’ என்பது. காப்பி நமக்கு உரியதன்று, உண்மையே. மிளகைப் பொறுத்தவரை, புதுக்கோட்டை ஜில்லா வடகாடு பக்கத்தில் தென்னை முதலிய மரங்கள் அடர்ந்த தோட்டங்களில் சமவெளியிலேயே அதைப் பயிர்செய்து பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, நிழலும் ஈரமும் உள்ள தென்னந்தோப்பில் பத்துக் கொடிகளை நட்டு மூன்று, நான்கு ஆண்டு பார்க்கலாம். நீர் தேங்கும் நிலத்தில் மட்டும் நடவேண்டாம். வேரழுகல் ஒரே மழையில் கொடியை வீழ்த்திவிடும். வெறும் வெயிலில் ஏக்கர் கணக்காக நட்டுக் கடன்படுவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் மிளகுக்கொடியைக் கொண்டுவருவது இந்தப் பிரயாணத்தின் முக்கிய நோக்கமன்று. பல அடுக்குப் பயிர்முறை, சருகை எரியாமல் நிலத்திலேயே மக்கவிடுதல், விளைபொருளைப் பக்குவம் செய்து விற்றல் ஆகியவற்றைக் கண்டுவருவதே போதிய லாபம். மிளகுக் கொத்தில் ஓரிரு மணி பழுத்தவுடன் பறித்து, மணிகளை உதிர்த்து, கொதிநீரில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்து உலர்த்துகிறார்கள். நிறம் சீராகக் கறுத்து, உலர்வதும் துரிதமாகிறது. நூறு கிலோ பச்சை மிளகு சுமார் முப்பத்துமூன்று கிலோவாகக் குறைந்தாலும், சுத்தமான சரக்கென்ற பெயரால் விலை ஏறுகிறது. இத்தகைய கவனத்தை நம் மஞ்சளிலும் வாழையிலும் நாம் செலுத்துகிறோமா?

இரண்டாவது ஆட்சேபம் சற்றுக் கடினமானது. ‘நீருக்காக நம்முடன் வழக்காடும் ராஜ்யத்திற்கு நாம் ஏன் நல்லெண்ண யாத்திரை செல்லவேண்டும்?’ என்பது அது. காவிரி வழக்கு 1990இல் நடுவர் மன்றத்துக்குச் சென்று, 2007இல் இறுதித் தீர்ப்புப் பெற்று, 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தால் முடிவாயிற்று. பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டொன்றுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் என்று விதிக்கப்பட்டது. நமக்குரிய பங்கைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. அதில் விட்டுக்கொடுக்க நான் சொல்லவில்லை. ஆனால் தீர்ப்பு, வந்த நீரைப் பங்கிடத்தான் வல்லது. மலையில் நீரை ஊறச்செய்ய வல்லதன்று. மேலும், குடகு விவசாயி நம்முடன் வழக்காடும் அணைப்பாசனத்துக்காரர் அல்லர். மாசி, பங்குனியில் பூமழை தவறினால், ஓடையிலும் குட்டையிலும் இயந்திரம் வைத்துத் தெளிப்பு நீர் பாய்ச்சிக் காப்பிப்பூவை மலரச்செய்யவேண்டிய நிலையில் அவரும் வானத்தையே பார்த்திருக்கிறார். 2003ஆம் ஆண்டில் இரு ராஜ்ய விவசாயிகளும் கூடிக் ‘காவிரிக் குடும்பம்’ என்ற அமைப்பை ஏற்படுத்தி, ஒருவர் வயலை மற்றவர் நேரிற் சென்று பார்த்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபொழுதே அது கூடுமாயின், இப்பொழுது ஏன் கூடாது?

நிற்க, போய்வரும் முறையைப் பற்றிச் சில யோசனைகள் கூறுகிறேன். ஆனி முதல் ஆவணி வரையுள்ள மாதங்களில் போகவேண்டாம். மழை கடுமை, சரிவு அபாயம் உண்டு. நமக்கும் அப்பொழுது வயலில் வேலை. தைமாதம் சம்பா அறுவடையை முடித்துக்கொண்டு மாசியில் போவது உத்தமம். அப்பொழுது அங்கே மிளகுப் பறிப்பும் ரோபஸ்டாப் பழம் எடுப்பும் நடைபெறும். ஏரியின் உண்மையான நிலை கோடையிலே தெரிவதுபோல, மலையின் நிலையும் அப்பொழுதுதான் தெரியும். மரமடர்ந்த சரிவின்கீழ் ஓடை ஓடிக்கொண்டிருப்பதையும், மொட்டைச் சரிவின்கீழ் கல் மட்டும் கிடப்பதையும் அடுத்தடுத்துக் காணலாம். திருச்சியிலிருந்து மைசூருக்கு ரயில் உண்டு. குடகுக்குள் ரயில் இல்லாமையால் அங்கிருந்து மடிக்கேரிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் சாலைவழியே செல்லவேண்டும்.

அருவிகளையும் பார்க்கத்தான் வேண்டும். மடிக்கேரியை அடுத்துக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விழும் அப்பி அருவியும், பிரம்மகிரிக் காட்டிலிருந்து லட்சுமண தீர்த்தத்தில் விழும் இருப்பு அருவியும் காவிரி நீர்ப்பிடிப்பைச் சேர்ந்தவை. புஷ்பகிரிப் பக்கத்து மல்லள்ளி அருவியின் நீரோ மேற்கே அரபிக் கடலுக்குச் செல்கிறது. எந்த நீர் எப்பக்கம் போகிறதென்று விசாரித்துப் பார்ப்பது விவசாயிக்கு அழகு. அருவியில் எண்ணெய்ப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் புட்டியையும் எறிந்துவிட்டு வருகிறவர், தம் வயலின் மடையிலேயே அவற்றை எறிகிறவராவார். மடிக்கேரி நகரத்துக் கழிவுநீர் அப்பி ஓடையிற் கலக்கிறது என்ற முறையீடு நெடுநாளாக உண்டு. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் நாம், சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் திருச்சி நகரத்துக் கழிவுநீர் கலப்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அங்கே ஒன்று சொல்லும் உரிமை, இங்கே ஒன்று செய்தவர்களுக்கே உண்டு.

வனவிலங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகரஹொளே காட்டிலிருந்து யானைகள் காப்பித் தோட்டங்களுக்குள் வருவது அங்கே அன்றாடத் தொல்லை. பலாப்பழக் காலத்தில் அது அதிகம். வேலைக்குச் செல்லும் தொழிலாளர் உயிரிழப்பதும் உண்டு. பழைய தண்டவாளங்களை நட்டு வேலியிட்டும், சூரிய சக்தி வேலி அமைத்தும், யானை நடமாட்டத்தை முன்னரே அறிவித்தும் சமாளிக்கிறார்கள். நம் பக்கத்தில் காட்டுப்பன்றியும் மயிலும் பயிரை அழிப்பதற்காகச் சிலர் நேர் மின்சாரத்தை வேலியில் பாய்ச்சும் கொடுமையைச் செய்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். விலங்கோடு மனிதரையும் அது கொன்றுவிடுகிறது. இதனினும் பெரிய விலங்கோடு வாழ்கிறவர்கள் கையாளும் முறைகளைப் பார்த்துவந்தால், நமக்கு வேறு வழி தோன்றும்.

வாங்கும் முறையிலும் கவனம் தேவை. சாலையோரக் கடையில் மலிவென்று வாங்கும் மிளகு குடகில் விளைந்ததென்பதற்கு உறுதியில்லை. நிழல்மரம் காக்கும் விவசாயிகளிடமிருந்தோ, அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்தோ நேரில் வாங்கினால், மரத்தை நிறுத்திவைப்பதற்கு நாம் கொடுக்கும் கூலியில் ஒரு பகுதி அதுவாகும். தனித்தனியாக இதைச் செய்வதினும், நம் ஜில்லாவிலுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இவ்விஷயத்தை மேற்கொள்வது நலம். ஆண்டுக்கு ஒருமுறை மிளகையும் காப்பியையும் மொத்தமாகத் தருவித்து உறுப்பினருக்கு விநியோகிக்கலாம்; நம் அரிசியையும் வாழைக்காய் மாவையும் அங்கே அனுப்பலாம். தங்குவதிலும், சரிவை வெட்டிக் கட்டிய பெருவிடுதிகளை விட்டு, விவசாயிகள் தம் வீட்டில் அளிக்கும் தங்குமிடங்களை நாடினால், பணம் மரத்துக்குரியவரிடமே சேரும்.

இனி, கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் என் வேண்டுகோள். விவசாய இலாகாவின் ‘அட்மா’ திட்டத்தின்கீழ் விவசாயிகளை வெளி ஜில்லாக்களுக்கும் வெளி ராஜ்யங்களுக்கும் கண்டுணர் சுற்றுலாவாக அழைத்துச்செல்ல ஏற்பாடு இருக்கிறது. பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையங்களையும் மாதிரிப் பண்ணைகளையுமே பார்த்து வருகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் அவற்றுள் ஒரு பிரயாணத்தைக் குடகுக்கென ஒதுக்குமாறு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் ஒரே ஊரார் பெயரை மட்டும் சேர்க்காமல், ஒரே வாய்க்காலின் தலைமடைக்காரர், நடுமடைக்காரர், கடைமடைக்காரர் ஆகிய மூவரையும் சேர்க்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் உடன்செல்லுதல் நன்று. ஏனெனில், நீர்நிலை ஆக்கிரமிப்பைக் கண்டு அறிக்கை எழுதவேண்டியவர் அவரே. அன்றியும், போய்வந்த பின்பு குடகு விவசாயிகள் சிலரை ஆடிப் பதினெட்டுக்கு நம்மூருக்கு அழைக்கலாம். அம்மா மண்டபத் துறையில் நம் பெண்மக்கள் காவிரிக்குப் படைப்பதையும், கடைமடையில் நீருக்காகக் காத்திருக்கும் வயலையும் அவர்கள் ஒருநாள் பார்த்தால், தம் தோட்டத்து மரம் எத்தனை பேருக்கு நிழலாகிறதென்பது விளங்கும்.

இவை பெருந்தொகை வேண்டும் காரியங்களல்ல. வரும் கார்த்திகைக்குள் ஊர்தோறும் பெயர்ப்பட்டியல் தயாரித்து விண்ணப்பித்தால், மாசியில் பிரயாணம் கைகூடும். போய்வந்தவர்கள் தாம் கண்டதை ஊர்ப் பொதுக்கூட்டத்தில் எடுத்துச்சொல்லி, அவ்வாண்டே தம் வாய்க்காலின் கரையில் நாட்டு மரங்கள் நூறேனும் நட்டுக் காப்பாராயின், மலையில் ஒருவர் தனியே செய்துவரும் குடிமராமத்தில் நாமும் ஆள் அனுப்பியவர்களாவோம்.